ஆந்தை ஊதல் எதற்கு? வான்கோழி வேட்டைக்கு முதன்முறை செல்பவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வசிக்கும் ஒருவர் வரும் ஏப்ரலில் அலுவலக நண்பருடன் முதன்முறையாகக் காட்டு வான்கோழி வேட்டைக்குச் செல்லவிருக்கிறார். நண்பர் அவரிடம் ஆந்தை ஊதல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கடைக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு வகைகள் தொங்குகின்றன. எதை வாங்குவது, எப்படி ஊதுவது, வான்கோழியைப் பிடிக்கப் போகிறவனுக்கு ஆந்தையின் குரல் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரியாமல் வாங்கிய ஊதல் பெரும்பாலும் மேசை இழுப்பறையில்தான் போய்ச் சேரும். ஆந்தை ஊதலால் வான்கோழியை அருகே வரவழைக்க முடியாது. அதற்காக அது செய்யப்படவும் இல்லை. இணைசேரும் பருவமான வசந்த காலத்தில், வான்கோழிச் சேவல் விடிவதற்கு முன்பே, இரவில் தான் அடைந்த மரத்தின் கிளையில் இருந்தபடியே, சுற்றிலும் உள்ள பெட்டைகளுக்குக் கேட்கும்படி கொளகொளவென்று உரக்கக் குரல் கொடுக்கும். அதை அங்கே காபிள் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அந்த நாள்களில் சேவலின் உடல் முழுவதும் இழுத்துக் கட்டிய தந்தியாக இருப்பதால், உரத்த ஒலி ஒன்று திடீரென்று காதில் விழுந்தால் போதும், தன்னை அறியாமல் காபிள் செய்துவிடும். இடி இடித்தாலும், யாராவது காரின் கதவை அறைந்து சாத்தினாலும், தொலைவில் ரயில் ஊதினாலும் அது பதில் சொல்லும். வேட்டைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் அதிர்ச்சிக் காபிள். வான்கோழி மயிலைப் பார்த்து ஆடிய கதையைப் பள்ளியில் படித்த நமக்கு ஒரு கூடுதல் செய்தி: மயில் அகவினாலும் அது காபிள் செய்யும், அதற்கென்றே மயில் குரல் ஊதல்கள் அங்கே விற்கப்படுகின்றன.

ஆக, ஆந்தை ஊதலின் வேலை ஒன்றே ஒன்றுதான்: இருட்டில் எங்கோ மரத்தில் உட்கார்ந்திருக்கும் சேவல், தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லும்படி செய்வது. இதைப் பெட்டையின் குரலைக் கொண்டே செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அங்கேதான் புதியவர்கள் கெட்டுப்போகிறார்கள். பெட்டையின் குரல் கேட்டால் சேவலுக்கு அங்கே வருவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நீங்களோ அப்போது காட்டுப் பாதையின் நடுவில், உட்கார இடம்கூடப் பார்க்காமல், வெட்டவெளியில் நிற்கிறீர்கள். தலையின் இரு பக்கங்களிலும் கண்களை வைத்துக்கொண்டு, கழுத்தைச் சற்றே திருப்பினால் சுற்றியுள்ள அனைத்தையும் பார்த்துவிடக்கூடிய பறவை அது. நீங்கள் அதைப் பார்ப்பதற்குள் அது உங்களைப் பார்த்திருக்கும். ஆந்தையின் குரல் அதற்கு இடத்தைவிட்டு நகர எந்தக் காரணமும் கொடுப்பதில்லை. சேவல் குரல் கொடுக்கும், பிறகு கிளையிலேயே இருக்கும். உங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

எந்த ஆந்தை என்பது அடுத்தது. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வான்கோழி வேட்டைக்காரர்கள் ஆந்தை என்று சொன்னாலே பார்டு ஆவுல் எனப்படும் வரியாந்தையைத்தான் குறிப்பிடுகிறார்கள். கழுத்தைச் சுற்றிக் குறுக்குக் கோடுகளும் வயிற்றில் நெடுக்குக் கோடுகளும் கொண்ட, காதுக் கொம்பு இல்லாத, கரிய கண்களை உடைய ஆந்தை அது. ஓடைக்கரைக் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும். எலி, தவளை, நன்னீர் நண்டு வகைகள் ஆகியவற்றைத் தின்னும். அதன் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ; வளர்ந்த வான்கோழிச் சேவலின் எடை பெரும்பாலும் 8 கிலோவை ஒட்டி இருக்கும். எனவே அதைக் கண்டு சேவல் அஞ்சுகிறது, அதன்மேல் அதற்குப் பகை என்றெல்லாம் சொல்லப்படும் கதைகளை ஒதுக்கிவிடுங்கள். அந்த ஆந்தையின் அலறல் உரத்தது, திடீரென்று எழுவது, சேவல் விழித்திருக்கும் அதே விடியற்பொழுதில் கேட்பது. அந்தக் காட்டில் அது அன்றாட ஒலி என்பதால் நீங்கள் அதைப் போலச் செய்தாலும் எந்த உயிரினமும் ஐயப்படுவதில்லை.

வரியாந்தையின் முழு அலறலில் எட்டுச் சுரங்கள் உண்டு. நான்கு நான்காக இரண்டு அடிகள். இரண்டாவது அடியின் கடைசிச் சுரம் மட்டும் நீண்டு, வழுக்கிக்கொண்டே கீழிறங்கும். ஆங்கிலம் பேசுவோர் இதை நினைவில் வைக்க, உனக்கு யார் சமைக்கிறார்கள் என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஆங்கில வாக்கியம் என் வாயில் ஓடவில்லை. நான் எனக்கென்று "யார் சோறாக்கூ, யார் சோறாக்குவா" என்று வைத்துக்கொண்டேன். முதல் மூன்று அசைகளைத் தட்டையாகவும் நான்காவதைச் சற்று அழுத்தியும் சொல்லிப் பாருங்கள். கடைசி "வா"வைத் தொண்டைக்குள் தளர்த்தி இறக்கிவிடுங்கள். தாளம் சரியாக உட்கார்ந்துவிடும். இதைத் தவிர ஒற்றைச் சுரமாக "ஹூ-ஆ" என்று இறங்கும் குரலும், இணைகள் சேர்ந்துகொண்டால் குரங்குக் கூட்டம் சண்டையிடுவதுபோல் எழும் சிரிப்பொலியும் அதற்கு உண்டு. சிரிப்பொலி உரத்தது, முழு அலறலுக்கு வாய் திறக்காத சேவல் சில நேரம் இதற்குத் திறக்கும். ஆனால் அதைப் போலச் செய்வது கடினம், முதல் ஆண்டில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

மேற்கே ராக்கி மலைப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே பைன் காடுகளில் வாழும் மெரியம் வகை வான்கோழிகளின் இடங்களில் வரியாந்தை பெரும்பாலும் இல்லை. அங்கே பெரிய கொம்பன் ஆந்தையின் ஆழ்ந்த, ஏற்ற இறக்கமற்ற ஐந்து சுர அலறலையோ, ஓநாய் போன்ற கயோட்டியின் ஊளையையோதான் பயன்படுத்துவார்கள். கொம்பன் ஆந்தை வான்கோழியையே தாக்கக்கூடிய பறவை என்பதால் அதன் குரல் சேவலின் வாயை அடைத்துவிடும் என்று கிழக்கே சிலர் சொல்வார்கள். ஜார்ஜியாவில் வேட்டையாடப்போகும் உங்களுக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் காட்டில் வரியாந்தை நிறைய உண்டு.

இனி ஊதலுக்கு வருவோம். கடையில் தொங்குபவை எத்தனை பெயர்களில் இருந்தாலும் உள்ளே இரண்டு வகைதான். முதல் வகையில் கிளாரினெட்டில் இருப்பதுபோன்ற ஒரு மெல்லிய ரீடு, சிறிய பலகை ஒன்றின்மேல் படுத்திருக்கும்; நீங்கள் ஊதும் காற்றில் அது துடித்து ஒலி எழுப்பும். இரண்டாவது வகையில் ரீடு கிடையாது; உங்கள் சொந்தக் குரலை வாங்கி, பெருக்கி, ஒரே திசையில் அனுப்பும் குழாய் அது. இவை இரண்டுக்கும் முன்னதாக, காசே செலவில்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு: இரு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து, வயிற்றிலிருந்து குரலை எழுப்பி நீங்களே அலறுவது. தெற்கு மாநிலங்களின் பழைய வேட்டைக்காரர்கள் பலர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். கட்டைக் குரல் உள்ளவர்களுக்கு இது எளிதில் கைகூடும். உங்கள் குரல் கால் மைலாவது போகுமா என்பதை வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது. நண்பர் ஒருவரைத் திறந்தவெளியில் தொலைவில் நிறுத்திவைத்துப் பாருங்கள். போகிறது என்றால் ஊதலுக்கு வைத்திருந்த பணத்தை நல்ல காலணிக்குச் செலவிடலாம்.

குரல் போதாது என்பவருக்கு நான் ரீடு வைத்த ஊதலையே பரிந்துரைப்பேன். பெரும்பாலானவை 15 டாலருக்கும் 40 டாலருக்கும் இடையில் கிடைக்கும். கையால் கடைந்தவை அதற்கு மேலும் போகும். வால்நட், செர்ரி போன்ற மரங்களில் செய்தவை சற்று மென்மையாக ஒலிக்கும். அக்ரிலிக்கில் செய்தவை கூர்மையாகவும் உரக்கவும் ஒலிக்கும். ஆந்தையைப் போலவே இருக்கிறதா என்று கடைக்காரர் ஊதிக் காட்டுவார், அதில் மயங்காதீர்கள். நீங்கள் பார்க்கவேண்டியவை வேறு. ஒலி மெல்லத் தொடங்கி வளர்கிறதா, அல்லது முதல் சுரமே அறைந்தாற்போல் எழுகிறதா என்று கேளுங்கள். சேவலை அதிரவைப்பது அந்த எடுப்புதான். அடுத்து, ஊதுவதை நிறுத்தியவுடன் ஒலியும் வெட்டினாற்போல் நிற்கிறதா என்று பாருங்கள். சில மலிவு ஊதல்களில் ரீடு அடங்காமல் ஒரு கீச்சொலி இழுத்துக்கொண்டே போகும். கழுத்துக் கயிற்றில் தொங்கும்போது பொத்தானில் இடித்துச் சத்தம் போடுமா, ஒரு கையால் மட்டும் எடுத்து ஊத முடியுமா என்பவையும் பார்க்கவேண்டியவை. ஆந்தைக் குரலின் நேர்த்தி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. காரின் கதவுக்கே காபிள் செய்யும் பறவை உங்கள் சுருதியைக் குறை சொல்லப்போவதில்லை.

ஊதும் முறையில் பெரும்பாலோர் செய்யும் பிழை, விசிலை ஊதுவதுபோல் கன்னத்தில் காற்றை நிரப்பி ஊதுவது. காற்று அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். நெஞ்சு அதிரும்படி "ஹூ" என்று சொல்லிக்கொண்டே அந்தக் காற்றை ஊதலுக்குள் அனுப்ப வேண்டும். மறுமுனையை இன்னொரு கையால் மூடியபடி முதல் சுரங்களை ஊதி, கடைசிச் சுரத்துக்கு மட்டும் கையைத் திறந்தால் அந்த வழுக்கி இறங்கும் "வா" தானாகவே வரும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் வரியாந்தையின் ஒலிப்பதிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றைக் கேட்டுவிட்டு உங்கள் ஊதலைக் கைபேசியில் பதிவுசெய்து ஒப்பிடுங்கள். வேலைக்குப் போகும் வழியில் காரில் பழகுவதே நல்லது. வீட்டில் பழகினால் என்ன நடக்கும் என்பதை என் மனைவியிடம் கேட்டால் சொல்வார்.

இவ்வளவும் ஊதுவதைப் பற்றியவை. உண்மையில் ஆந்தை ஊதல் என்பது காதுக்கான கருவி. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு, ஓக்கோனி தேசிய வனத்தில், என்னை அழைத்துச் சென்ற பெரியவர் என்னைவிட முப்பது கெஜம் பின்னால் நின்றுகொண்டு என்னை அலறச் சொன்னார். நான் எட்டுச் சுரங்களையும் நேர்த்தியாக, ஒன்றையும் விடாமல் ஊதினேன். பதில் இல்லை. மீண்டும் ஊதினேன், மறுபடியும் ஊதினேன். நான்காவது முறைக்குக் கையை உயர்த்தியபோது பெரியவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று முறையும் கிழக்கே ஓடைப் பக்கம் ஒரு சேவல் காபிள் செய்ததாம். என் மூன்றாவது சுரம் முடிவதற்குள் அது தொடங்கிவிட்டது, ஏழாவது சுரத்துக்குள் முடித்தும்விட்டது. என் அலறலே என் காதை அடைத்துக்கொண்டிருந்தது. அதிர்ச்சிக் காபிள் அப்படித்தான் வரும்: ஒலி முடியும்வரை காத்திராது, ஒலியின் மேலேயே விழும்.

அன்றிலிருந்து நான் முழு அலறலை ஊதுவது மிகக் குறைவு. முதல் நான்கு சுரங்களை மட்டும், அல்லது "ஹூ-ஆ" என்ற ஒற்றைச் சுரத்தை மட்டும் அறைந்தாற்போல் எழுப்பி, வெட்டி நிறுத்திவிட்டு, வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் கேட்பேன். ஊதல் வெட்டினாற்போல் நிற்கவேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். இருவராகப் போனால் ஒருவர் ஊத, மற்றவர் முப்பது நாற்பது கெஜம் தள்ளி நின்று கேட்பதே சிறந்தது. உங்கள் நண்பர் உங்களை ஊதல் வாங்கச் சொன்னதும் ஒருவேளை தான் கேட்பவராக இருந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் இருக்கும். முதல் நாளே அதைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

நேரம் பற்றி. ஏப்ரல் நடுவில் ஜார்ஜியாவில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு எழும். நீங்கள் 6 மணிக்கெல்லாம் ஏதாவது ஒரு மேட்டின் முதுகில், ஒலி நான்கு பக்கமும் போகும் இடத்தில், நின்றுகொண்டிருக்க வேண்டும். வந்து நின்றதும் ஊதாதீர்கள். அந்த நேரத்தில் உண்மையான ஆந்தைகளே உங்கள் வேலையைச் செய்யும். பல நாள்களில் என் ஊதல் சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததே இல்லை. கிழக்கே வானம் சாம்பல் நிறமாகி, கார்டினல் எனப்படும் சிவப்புக் குருவி முதல் சீழ்க்கையை அடிக்கும்வரை பொறுங்கள். அந்தக் குருவியின் குரலைத்தான் பலரும் கடிகாரமாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் காடு அமைதியாக இருந்தால் ஒருமுறை, முதலில் மெதுவாக, அலறுங்கள். சேவல் நூறு கெஜத்துக்குள் தலைக்கு மேலேயே இருக்கவும் கூடும். எடுத்த எடுப்பிலேயே உரக்க ஊதினால் அது உங்களை நோக்கிக் குனிந்து பார்க்கும். ஒரு நிமிடம் கழித்து உரக்க ஊதுங்கள். பிறகு வேறு திசை நோக்கி ஒருமுறை. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் கால் மைல், அரை மைல் நடந்து அடுத்த மேட்டுக்குப் போங்கள். சேவல் தானாகவே காபிள் செய்துகொண்டிருக்கும் காலையில் ஊதலைத் தொடவே வேண்டாம்.

காபிள் கேட்டதும் புதியவர்களுக்கு வரும் ஆசை, இன்னொருமுறை ஊதி உறுதிசெய்துகொள்ளலாம் என்பது. அந்த ஆசையை அடக்குங்கள். கேட்ட திசையை நோக்கி விரலை நீட்டி, அந்த நேர்கோட்டில் இருக்கும் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் திசைகாட்டி இருந்தால் அதன் பாகையையும் பாருங்கள். தொலைவைக் கணிப்பதுதான் கடினம். கிளையில் இருக்கும் சேவல் உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக் காபிள் செய்தால் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கும். எதிர்ப்பக்கம் திரும்பினால் அதே பறவை இரு மடங்கு தொலைவுக்குப் போய்விட்டதுபோல் தோன்றும். மார்ச் கடைசியில் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது பழகிய காது, ஏப்ரல் கடைசியில் இலைகள் விரிந்தபின் ஏமாந்துபோகும். இலைகள் ஒலியை விழுங்குவதால் தொலைவில் கேட்பதுபோன்ற சேவல் உண்மையில் பக்கத்திலேயே இருக்கும். நூறு கெஜம் நகர்ந்து வேறோர் இடத்திலிருந்து இரண்டாவது முறை திசையைக் குறித்தால் இரு கோடுகளும் வெட்டும் இடம் ஏறத்தாழப் பிடிபடும். பிறகு நிலத்தின் ஏற்ற இறக்கத்தை மறைவாக வைத்துக்கொண்டு, நூற்றைம்பது கெஜம்வரை நெருங்கி, தோளைவிட அகலமான மரம் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இடையே ஓடையோ முள்வேலியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் பெட்டைக் குரலின் வேலை. அது தனிப் பாடம்.

விடிந்து வெளிச்சம் வந்தபின் பலர் ஆந்தையை விட்டுக் காக்கைக் குரலுக்கு மாறுவார்கள். காக்கை ஊதல் சிறியது, கூர்மையானது, ஒரே ஒரு கரைதலோடு நிறுத்திவிடக்கூடியது. பகலில் ஆந்தையைக் கண்ட காக்கைக் கூட்டம் அதைச் சூழ்ந்து விரட்டும் என்பது நமக்குப் பழைய செய்தி. அதனால் ஒரு ஆந்தை அலறலும் அதைத் தொடர்ந்து காக்கைகளின் கரைதலும் எந்தக் காட்டிலும் இயல்பாகவே கேட்கும் சேர்க்கை. மேகமூட்டமான நாளில் வரியாந்தை நடுப்பகலிலும் அலறும், ஆகவே பத்து மணிக்கு ஆந்தை ஊதல் தவறு என்றும் சொல்ல முடியாது. பெட்டைக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த சேவல் திடீரென்று வாயை மூடிக்கொண்டால், அது எங்கே போனது என்று அறியவும் ஒரு காக்கைக் கரைதல் போதும். மரங்கொத்தி, பருந்து ஊதல்களும் உண்டு. ஆந்தையும் காக்கையும் கைவசம் இருப்பவருக்கு அவை கூடுதல் சுமை.

எதற்கும் பதில் சொல்லாத சேவல்களும் உண்டு. ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சேம்பர்லினும் உடன் ஆய்வாளர்களும் காட்டில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததில், வேட்டை தொடங்கியபின் காபிள் செய்வது குறைவதைக் கண்டார்கள். பொது நிலங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். பருவம் தொடங்கி இரண்டு வாரத்துக்குப் பிறகு, ஒவ்வொரு காட்டுச் சாலை முனையிலும் ஒருவர் நின்று அலறிக்கொண்டிருக்கும் இடத்தில், இன்னோர் அலறலைச் சேர்ப்பதால் பயன் இல்லை. அங்கே உட்கார்ந்து கேட்பவனுக்குத்தான் வாய்ப்பு. ஒருமுறை அப்படிப்பட்ட இடத்தில் எதிர் மேட்டில் இருந்த ஆந்தையோடு கால் மணி நேரம் உரையாடிவிட்டு, கடைசியில் அது டிரக்கில் ஏறிப் போனதைக் கேட்டேன். உண்மையான ஆந்தை சில நேரம் ஆறு சுரத்தோடு விட்டுவிடும், சில நேரம் நடுவில் தடுமாறும். ஒவ்வொரு முறையும் பிசகாமல் எட்டு வந்தால் அது மனிதன். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாதுகாப்புக்கும் இதே எச்சரிக்கைதான். நீங்கள் எழுப்பிய காபிள் இன்னொரு வேட்டைக்காரருக்கும் கேட்டிருக்கும்; அந்தக் காபிளே இன்னொருவரின் ஊதலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். காபிள் ஒலியை நோக்கிப் பதுங்கிப் போய்ச் சுட நினைப்பதே இந்த வேட்டையில் மனிதர்கள் சுடப்படுவதற்கு முக்கியக் காரணம். சேவலின் தலையில் உள்ள சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் கைக்குட்டையில்கூட இருக்கக்கூடாது. வேறொருவர் உங்கள் பக்கம் வருவதைக் கண்டால் கையை அசைக்காமல், மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். ஆந்தைக் குரலில் எச்சரிக்க வேண்டாம். அப்படிச் செய்தவரை எனக்குத் தெரியும்.

சில வேளைகளில் உண்மையான வரியாந்தையே உங்களைத் தேடி வரும். தன் எல்லைக்குள் புதிதாக எவன் வந்தான் என்று பார்க்க அது ஓசையே இல்லாமல் பறந்துவந்து, தலைக்கு மேல் பத்தடியில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து உங்களை நெடுநேரம் உற்றுப் பார்க்கும். அழகான காட்சிதான், ஆனால் அந்த மாதங்களில் அதற்குக் கூட்டில் குஞ்சுகள் இருக்கக்கூடும். ஊதலைப் பையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை அது.

சட்டத்தைப் பற்றி இரண்டு சொற்கள். கைபேசியிலோ ஒலிபெருக்கியிலோ பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வான்கோழி வேட்டையாடுவது ஜார்ஜியா உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம்; வாயால் ஊதுவதற்குத் தடை இல்லை. 2022 முதல் ஜார்ஜியாவில் பருவம் ஏப்ரல் தொடக்கத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டு, பொது நிலங்கள் தனியார் நிலங்களைவிட ஒரு வாரம் கழித்துத் திறக்கப்படுகின்றன; ஒருவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு சேவல்கள் மட்டுமே. அந்தந்த ஆண்டின் விதிமுறைக் கையேட்டைப் படித்துவிடுங்கள். நீங்கள் எச்1பி போன்ற விசாவில் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அத்தகையோர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது; செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் அதற்கு விதிவிலக்கு. ஊதலுக்கு முன்னால் உரிமத்தை வாங்குங்கள், நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கும் முன்னால்.

கடைசியாக, ஊதலுக்கு மிகுந்த பயன் உள்ள நேரம் காலை அல்ல, முந்தின நாள் மாலை. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள், துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு, மேட்டின்மேல் நின்று ஒருமுறை அலறுங்கள். மரத்தில் ஏறி அடைந்துவிட்ட சேவல் பதில் சொன்னால், மறுநாள் காலை இருட்டிலும் அது அதே மரத்தில்தான் இருக்கும். நீங்கள் எந்தச் சத்தமும் போடாமல் நேராகப் போய் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். அந்தக் குளிர்ந்த மாலைகளில் எச்சில் ஒட்டி ரீடு பிடித்துக்கொள்ளும், ஊதினால் காற்று மட்டும் வரும். சட்டைப் பையில் ஒரு டாலர் நோட்டு வைத்திருங்கள். அதன் ஓரத்தை ரீடுக்கும் பலகைக்கும் இடையில் செருகி ஒருமுறை இழுத்தால் ஈரம் நீங்கிவிடும். பிறகு ஊதலைப் பையின் வெளிப்பக்கத்தில் தொங்கவிடாமல், உடல் சூடு படும்படி சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.